விசில் சாரும் முதல் இலையும்

வராத ஆபத்துக்காகவே வாழ்ந்த மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் கொடுத்து வேலைக்கும் வைத்திருந்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையிடம் போய், "தம்பி, திடீர்னு தீப்புடிச்சா எந்தக் கதவு வழியா வெளிய போவீங்க?" என்று கேட்ட ஆள், இந்தத் தர்மபுரி மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான். மாப்பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அந்தத் திருமணம் நடந்ததே பெரிய விஷயம்.

அவருக்கு ஊரில் வைத்த பெயர் விசில் சார். எங்கள் பக்கம் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு, எல்லாரும் 'மிலிட்ரி'தான். இவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியதால் தனிப்பெயர் கிடைத்தது. வெள்ளம், நிலச்சரிவு, தீவிபத்து என்று எங்கே என்ன நடந்தாலும் சனங்களை எப்படி வெளியேற்றுவது என்று திட்டம் போடுவதுதான் ராணுவத்தில் அவருடைய வேலை. சுபேதாராக ஓய்வு பெற்று அரூருக்கு வந்தார். ஆபத்தை விட்டுவிட்டு வந்ததாகத்தான் அவர் சம்சாரம் நினைத்திருக்கிறார்.

முதலில் ஒரு பெட்ரோல் பங்க்கில் மேனேஜர். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்ப் புளிய மரத்தடியில் நின்றால்தான் டீசல் என்றார். பஸ்கள் எதிர் பங்க்குக்குப் போய்விட்டன. அடுத்தது ஒரு பள்ளிக்கூட வேன். அவசரத்துக்கு ஜன்னல் வழியாக எப்படி இறங்குவது என்று பிள்ளைகளுக்குப் பழக்கினார். அவர்கள் வீட்டிலும் வாசலை மறந்து ஜன்னலையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடியன்று நெரிசல் கூடாது என்று கதவுகள் அத்தனையையும் வெளியே போகும் வழியாக மாற்றிவிட்டார். அன்றைக்குக் கடையிலிருந்து எல்லாரும் பத்திரமாக வெளியேறினார்கள். உள்ளே போகத்தான் யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அரூர் மண்டியில் புளி மூட்டை தூக்கினவன். இன்றைக்கு அதியமான்கோட்டைப் பக்கம் ஹைவேஸில் போனால், பஸ்ஸில் தூங்குகிறவன்கூட எழுந்து பார்க்கிற மாதிரி ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறதே, அது என்னுடையது. மூட்டை தூக்கினவனுக்கு ஆளைப் பார்த்ததுமே எடை தெரியும்.

"என்னாங்க வேல தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆபத்து வர்றதுக்கு முன்னால வர்ற வேல சார்."

"சரி. ஆபத்து வரலீன்னா?"

"அப்ப நான் என் வேலயச் சரியாச் செஞ்சிருக்கறேன்னு அர்த்தம்."

நானும் எத்தனையோ பேரைச் சம்பளத்துக்கு வைத்தவன். ஒன்றுமே நடக்காததைக் காட்டிச் சம்பளம் கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்தத் துணிச்சலுக்காகவே மேனேஜராக்கினேன்.

மண்டபத்தில் அவர் சாப்பாடு நின்றுகொண்டுதான். தட்டைக் கையில் ஏந்தி, கதவில் சாய்ந்து, கண்ணைக் கூட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "ஒரு நாளாச்சும் எலையில உக்காந்து சாப்புடுங்களேன்" என்றால், "உக்காந்தா எழுந்திரிக்க நேரமாகும் சார்" என்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முகூர்த்தத்தன்று, பந்தி நடுவே ஒத்திகை பார்த்துவிட்டார். சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம். விசிலை ஊதி, "எல்லாரும் எழுந்து வரிசயா வெளிய வாங்க, இது ஒத்திகை!" என்று கத்தினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. ஆனால் அசைந்தது யார் தெரியுமா? இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நின்ற அடுத்த பந்திக்காரர்கள். விசிலைக் கேட்டதும் பந்தி முடிந்தது என்று நினைத்து முண்டியடித்துக்கொண்டு உட்கார வந்தார்கள். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர், சில நாற்காலிக்கு மூன்று பேர். ரசவாளி கவிழ்ந்து ஒருவருடைய பட்டு வேட்டி மஞ்சளானது.

பெண்ணின் தாய்மாமன் என் சட்டையைத்தான் பிடித்தார். "எங்க சனத்த எலையில இருந்து எழுப்புறதுக்கா உன் மண்டபத்துக்கு வந்தோம்?" பிறகு விசில் சார் பக்கம் திரும்பினார். "யோவ் மிலிட்ரி! மொத எலையில பெரிய மனுசன் உக்காந்திருக்கறாரு. அவரு எலய மடிக்காம வரிசையில எவன்யா எழுந்திரிப்பான்? உன் பட்டாளத்துல இதச் சொல்லித் தரலியா?"

விசில் சார் விறைப்பாக நின்று, "சொல்லித் தரலீங்க" என்றார். உண்மையைச் சொன்னார். அதற்கும் திட்டு விழுந்தது.

மறுநாள் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவது என்றுதான் இருந்தேன். அதற்குள் அவர் சம்சாரம் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அண்ணே, இந்த வேலயும் போச்சுன்னா மறுபடி வடக்க எங்கயாச்சும் காவல் வேலைக்குப் போயிருவாருங்க. கல்யாணமாயி பாதி நாளு இவரு போட்டோவோடதான் குடும்பம் பண்ணேன். இப்பத்தான் ஆளு வூட்டுல இருக்கறாரு. ராத்திரியில எழுந்து சிலிண்டர மோந்து பாத்துட்டுப் படுத்தாலும் பரவால்லீங்க, ஆளு இங்க இருந்தாப் போதும்."

கூடப்பிறந்தவளைப் போல அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டார். என்ன செய்வது? விசில் சாரைக் கூப்பிட்டேன். "இதாங்க கடைசி. இன்னொரு பந்தி கலஞ்சுதுன்னா, நானே உங்கள ரயில் ஏத்தி வுட்டுருவேன்."

அதற்குப் பிறகு விசில் சட்டைக்குள் போய்விட்டது. ஆனால் பந்திக்குப் பந்தி வாசலில் நின்று, உட்கார்ந்திருக்கிறவர்களை உற்று உற்றுப் பார்த்தார். விருந்தாளிகள் கூச்சப்பட்டு இரண்டாவது வடையை வேண்டாம் என்றார்கள்.

"என்னாங்க அப்பிடி மொறச்சுப் பாக்குறீங்க?"

"எந்த வரிசைக்கு யாரு கமாண்டருன்னு பாக்குறேன் சார். மொத எலையிலதான் உக்காரணும்னு இல்ல. வயசு மட்டும் பத்தாது. எவரு எலய மடிச்சா மத்தவங்க கையும் எலைக்குப் போவுதோ, அவருதான்."

கல்யாண மண்டபம் நடத்துகிற எனக்கே பந்தியைப் பற்றிப் பாடம். போகட்டும் என்று விட்டேன்.

வைகாசியில் ஒரு பெரிய கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவுக்குக் காரிமங்கலம் பக்கம் மாம்பழக்கூழ் பேக்டரி. முதல் வரிசையில் அவர். இலையில் அடுத்து வரவேண்டியது பாயசம். விசில் சார் சமையல்கட்டிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்தார். என் காதில் சொன்னார்: "சிலிண்டர் வால்வு கசியுது சார். எல்லா அடுப்பையும் அணச்சாச்சு. யாரையும் சுவிட்சு எதுலயும் கை வெக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஆளுங்கள வெளிய எடுக்கணும்."

என் கண் அவர் சட்டைக்குள் இருந்த விசிலுக்குத்தான் போனது. விசிலை ஊதுவார், சனம் ஒருவர்மேல் ஒருவர் விழும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

விசில் வெளியே வரவேயில்லை. முதலில் போட்டோக்காரரிடம் போனார். அடுத்த நிமிடம் போட்டோக்காரர், "மைதானத்துல ட்ரோன் படம் எடுக்குறோம், எல்லாரும் வந்து நில்லுங்க!" என்று குரல் கொடுத்தார். மேடைக்கு முன்னால் இருந்தவர்களும் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களும் தலையை வாரிக்கொண்டே வெளியே போனார்கள். இலையில் இருப்பவர்கள்தான் பாக்கி. ட்ரோன் இல்லை, ஆகாய விமானமே வந்தாலும் அவர்கள் பாயசத்தை விட்டு எழமாட்டார்கள்.

விசில் சார் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் பின்னால் நின்றேன்.

"ஐயா, எலய மடிங்க."

"பாயசம் வரலியேப்பா?"

"கேஸ் கசியுதுங்க. நீங்க எழுந்தா இந்த வரிசையே எழுந்துரும். பயத்தக் காட்டாதீங்க. ஏப்பம் வுட்டுக்கினே நடந்து போங்க, போதும்."

பெரியவர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு இலையை மடித்தார். அப்படி ஒரு ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சனம் அவரைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, மடித்தது, எழுந்தது. அதற்குள் விசில் சார் அடுத்த வரிசையில் வெற்றிலைக் கறைப் பல்லோடு இருந்த ஓர் அம்மாளிடம் குனிந்துவிட்டார். அதற்கடுத்த வரிசையில் ஒரு வாத்தியாரிடம். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. முனகிக்கொண்டே கை கழுவப் போகிறவர்களைப் போலச் சாப்பாட்டுக் கூடம் காலியானது.

உள்ளே சமையல் மாஸ்டர் மட்டும், "அப்பளம் பாதியில நிக்குதுங்க!" என்று புலம்பிக்கொண்டிருந்தார். விசில் சார் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஆளோடு ஆளாகச் சிலிண்டரை வெட்டவெளிக்குத் தூக்கிப்போய் வைத்தார். தீயும் இல்லை, புகையும் இல்லை. வாசம் போனதும் பந்தியை மறுபடி நடத்தினோம். ட்ரோன் படம் அருமையாக வந்தது என்று பெண்ணின் அப்பா போட்டோக்காரருக்குச் சால்வை போர்த்தினார். எனக்குக் கிடைத்தது புகார்: "பாயசம் ஊத்தாம எழுப்பிட்டீங்களே, இது ஒரு மண்டபமா?"

அன்றைக்குப் பார்த்த மாதிரி சந்தோஷமாக விசில் சாரை நான் பார்த்ததேயில்லை. "ஒண்ணும் நடக்கல சார்" என்றார்.

விடைபெறும்போது பேக்டரிப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர எனக்குக் குடுத்துருங்க. என் பேக்டரியில பாய்லர் இருக்குது, எத்தனையோ பொம்பளைங்க வேல செய்யுறாங்க. பாதுகாப்பு ஆபீசருன்னு போட்டுக்குறேன்."

"குடுக்க மாட்டனுங்க" என்றேன். ரயில் ஏற்றிவிடுவதாகச் சொன்ன வாய்தான். பிறகு யோசித்தேன். காரிமங்கலம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ராத்திரி சிலிண்டரை மோந்து பார்க்க ஆள் வீட்டில் இருப்பார். சரி என்றேன். இன்றைக்கு அந்தப் பேக்டரியில் அவர் பெயர் போட்ட அறை இருக்கிறது. ஆளை முதலில் எடை போட்டது நான் என்பதை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

மண்டபத்தில் அவருடைய கடைசி நாளன்றும் ஒரு கல்யாணம். அவருடைய தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, முதல் வரிசையில் என் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். வரிசையில் நான்தான் பெரியவன். நெளிந்தார், கதவைப் பார்த்தார், பிறகு சாப்பிட ஆரம்பித்தார். நிதானமாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர், பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. வரிசை முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் செருமினார்கள்.

அவர் கடைசிச் சொட்டை வழித்து முடிக்கும்வரை நான் இலையை மடிக்கவில்லை.