மருமகன் பார்த்த குரங்குப் படம்

லின்ஃபீல்ட், ஆக்லாந்து
17.08.1997

பேரன்புள்ள மைத்துனர் குணரத்தினம் அவர்களுக்கு,

தியாகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. வெள்ளவத்தையில் நீரும் தங்கச்சி சீதாதேவியும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். உமது அக்கா யோகராணி மிகமிகச் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவசரமாக ஒரு தந்தி வேண்டும். "காணி வழக்கு. உடன் வரவும்" என்று அடித்தால் போதும். உமக்கு வருத்தம், படுத்த படுக்கை என்று மட்டும் அடித்துவிடாதேயும். உமது அக்கா அழுதுகொண்டு என்னோடு புறப்பட்டு வருவாள், நீர் நன்றாக இருப்பதைக் கண்டு இரண்டு பேரையும் திட்டுவாள். ஏன் இந்த ஓட்டம் என்று கேட்பீர். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குரங்கு.

மகள் வித்தியாவுக்கு நவின், அஞ்சனா என்று இரட்டைப் பிள்ளைகள் பிறந்தது உமக்குத் தெரியும். பிள்ளைப்பேறு பார்க்கத்தான் வந்தோம், அதாவது யோகராணி பார்க்க, நான் பேப்பர் படிக்க. பிள்ளை பிறந்த தீட்டு, அந்தத் துடக்குக் கழியும்வரை ஆண்கள் அறைவாசலோடு நிற்பதுதானே நம் வழக்கம்? ஆனால் மருமகன் யசீகரன் இருக்கிறாரே, கொழும்பில் என்ஜினியர், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார், அவர் நூலகத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்து வந்தார். அமேசான் காட்டுக் குரங்கு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நம் ஊர் மாங்காய்கூட அதைவிடக் கனம். அதற்கும் பெரும்பாலும் இரட்டைக் குட்டிதானாம். குட்டிகளைத் தகப்பன்தான் முதுகில் காவித் திரியுமாம். பாலுக்கு மட்டும் தாயிடம் கொடுத்து, குடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுமாம். மறுநாள் காலையில் பார்த்தால், யசீகரன் வித்தியாவின் நூல்சேலையைக் கிழித்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாகப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு குசினி அடுப்புக்கு முன்னால் நிற்கிறார்.

"தம்பி, என்ன கோலம் இது? குரங்கு செய்யுதெண்டு நாங்களும் செய்யிறதோ?"

"ஓம் மாமா. தகப்பன், தமையன், தமக்கை எல்லாம் மாறிமாறிக் காவுறதாலைதான் அதுகள் காட்டிலை தப்பிப் பிழைக்குது. தாய் தனிய எண்டால் பிள்ளையள் தப்பாது."

உடனே யோகராணி, "நாலு பெத்தனான். ஒண்டையாவது தூக்கினனீங்களோ? குரங்குக்கு இருக்கிற புத்தி..." என்று தொடங்கினாள். நான் கந்தோருக்குப் போய் உழைத்த மனிதன் என்று நினைவூட்டினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குரங்கை நான் குறை சொல்லமாட்டேன். பாவம், மரப்பட்டையைக் கடித்துத் துளை போட்டு, ஊறும் பிசினை நக்கிச் சீவிக்கிறது. ஒரு துளை கிடைத்தால் தினமும் அதே துளைக்கு வரும். இங்கே நம்மவர்களும் அப்படித்தான், பட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுக் கிடைத்த பெற்றோல் ஷெட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். குரங்கில் குடும்பத்துக்கு ஒரு மரம் என்றால், நம்மவரில் குடும்பத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர். அப்படியொரு தலைவர்தான் வரதராஜன்.

போன சனிக்கிழமை பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவுக்குப் போனோம். டெய்ரி என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போன யசீகரன், "ஒருக்கால் பிடியுங்கோ மாமா" என்று அஞ்சனாவை என் நெஞ்சில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே வரதராஜன் வருகிறார்! பருந்தைக் கண்டால் அந்தக் குரங்கு மூச்சுக் காட்டாமல் மரத்தின் மறுபக்கத்துக்கு நழுவிவிடுமாம். நானும் லைட் போஸ்டுக்குப் பின்னால் நழுவினேன். அவர் இந்தப் பக்கம் வர, நான் அந்தப் பக்கம் போனேன். என் வயிறு எந்தப் பக்கத்திலும் மறையவில்லை. போதாததற்கு அஞ்சனா, "பா, பூ" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். அந்தக் குரங்குக் குட்டிகளும் இப்படித்தான் ஓயாமல் பிதற்றுமாம்.

"ஆர், தியாகலிங்கத்தாரோ? தபாற்கந்தோரிலை பெரியவராய் இருந்த மனிசன், இப்ப ஆயா வேலையோ?"

மறுநாள் கோயிலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பிரசாதம்கூட இறங்கவில்லை, மச்சான். பென்ஷன் எடுத்த வயதில் இந்த அவமானம் எனக்கு வேண்டாம். தயவுசெய்து தந்தியை அடியும்.

சந்நிதி முருகன் உங்கள் இருவரையும் எந்த வீடியோவும் அண்டாமல் காப்பாராக.

இப்படிக்கு,
மானமுள்ள மைத்துனர்,
தியாகலிங்கம்

பி.கு.: இந்தக் கடிதம் ஒரு கிழமையாகச் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே உள்ள கறை அஞ்சனா கக்கியது. எழுத்துக் கோணலாக இருந்தால், அவள் என் தோளில் தூங்குகிறாள் என்று அறியும். தகப்பனிடம் தூங்கமாட்டாள், தாயிடமும் மாட்டாள், என்னிடம் மட்டும்தான். இதை யசீகரனுக்கும் எடுத்துச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் பொறாமை. தந்தி வேண்டாம். மேலே வாசித்த வேகத்தில் ஓடிப்போய் அடித்திருந்தால், "வழக்கு ஒத்திவைப்பு" என்று இன்னொன்று அடியும். விசாவை நீடிக்க நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று அதே கடைத்தெருவில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு நானே நேராக வரதராஜனிடம் போய், "ஒருக்கால் பிடியும்" என்று நவினை நீட்டினேன். இந்தமுறை லைட் போஸ்டுக்குப் பின்னால் நழுவியவர் அவர்தான்.