சிவக்க மறுத்த தட்டு

அடிலெய்டு,
ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா க்ளெனிஸுக்கு, தங்கை ரோஸ்மேரி எழுதுவது.

ஒரே தாய் செல்லிலிருந்து பிரிந்த இரண்டு ஈஸ்ட் செல்களில், ஒன்றில் ஒரு மரபணு வேலை செய்கிறது. மற்றதில் அதே மரபணு வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. ஏன்? இதற்காகவே சம்பளம் வாங்கும் எனக்கு விடை தெரியாது. நீ நலமா, பேரி அத்தானின் முழங்கால் நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். நானும் பூனையும் நலம்.

போன கிறிஸ்துமஸுக்கு இறால் உரித்துக்கொண்டே, "ரொட்டிக்குப் போடற ஈஸ்ட்டை வெச்சுக்கிட்டு அப்படி என்னதான்டி பண்றே?" என்று கேட்டாய். சொல்கிறேன். டி.என்.ஏ. ஒரு நூல், புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் மாட்டிய மரபணு பேசாது, தளர்ந்தால் பேசும். அப்படியொரு இறுக்கமான இடத்தில் நாங்கள் ஒரு மரபணுவைச் செருகி வைத்திருக்கிறோம். அது பேசினால் ஈஸ்ட் வெள்ளையாக வளரும், பேசாவிட்டால் சிவக்கும், இரண்டுங்கெட்டானாக இருந்தால் வெட்டிய கேக் போலச் சிவப்பும் வெள்ளையுமாகத் துண்டு துண்டாக வரும். இறுக்கிப் பிடிப்பது எது என்று கண்டுபிடிப்பது என் தொழில். வருஷக்கணக்காக எனக்குக் கிடைப்பது கேக்.

எங்கள் ஆய்வகத்தில் சாஸ்கியா போன குளிர்காலத்தில்தான் சேர்ந்தாள். ஏதோ ஒரு மரபணுவை நீக்கினாள், ஈஸ்ட் வளர்த்த தட்டு முழுக்க வெள்ளை, மருந்துக்குக்கூட ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அந்த மரபணு இல்லாவிட்டால் சுற்று தளர்ந்து குரோமோசோமே அங்கங்கே உடைகிறதாம், அதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆய்வகம் முழுக்க அவள் மேசையைச் சுற்றி நின்றது. யாரோ லாமிங்டன் கேக் வாங்கி வந்தார்கள். பெரிய துண்டாகப் பார்த்து சாஸ்கியா எனக்குக் கொடுத்தாள். என் பிறந்தநாளும் அவளுக்கு நினைவிருக்கிறது. இப்படிப்பட்டவளை என்னதான் செய்வது? ஹோபார்ட் ஈஸ்ட் மாநாட்டில் எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பேச்சு. அது யாருக்கு என்று எங்கள் தலைவர் காலின் நாளைக் காலைக் கூட்டத்தில் முடிவு செய்வார்.

"சாஸ்கியாவே போகட்டுமே, ரோஸி. நீ தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"அதுல என்ன இருக்கு" என்றேன்.

நான் பொறாமைக்காரி இல்லை, அக்கா. அவளுடைய மூக்குக்கண்ணாடி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்ததுகூட வேறு காரணத்துக்காக. ஆனால் வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தட்டில் ஊற்றும் உணவில் அடினைன் என்ற சரக்கு கூடிப்போனால் எந்த ஈஸ்ட்டும் சிவக்காது. அதனால் எப்போதும் சிவக்கும் ரகம் ஒன்றையும் அதே உணவில் சாட்சிக்கு வளர்க்க வேண்டும். அவள் வளர்க்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. அவள் ஊற்றிய தட்டுகளில் மீந்த ஒன்றை எடுத்து, சிவக்கும் ரகத்தைத் தடவி வளர்த்தேன். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால், பால் போல வெள்ளை, கோளாறு உணவில்தான். எனக்கு வந்த சிரிப்பை அடக்க இருமவேண்டியதாயிற்று. தட்டைத் தாளில் சுற்றிக் குளிரறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். நாளை ஒரு வார்த்தை பேசாமல் மேசை நடுவில் வைப்பேன்.

அத்தானுக்கு என் அன்பு. முழங்காலும் உன் ரோஜாக்களும் இந்த வருஷம் உன்னைப் படுத்தாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
ரோஸ்மேரி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் காலினே சாஸ்கியாவிடம் கேட்டார்: "உணவுல அடினைன் கூடலைன்னு எப்படிச் சொல்றே? சாட்சித் தட்டு எங்கே?" சாஸ்கியா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நான் பொட்டலத்தை மேசை நடுவில் வைத்துப் பிரித்தேன். தட்டு செங்கல்லாகச் சிவந்திருந்தது, உணவில் ஒரு கோளாறும் இல்லை. இந்த ரகம் வளர்ந்தவுடன் சிவக்காது. குளிரறையில் இரண்டொரு நாள் கிடந்தால்தான் நிறம் ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். குளிரறைக் கதவில் 'அவசரப்பட்டு நிறம் பார்க்காதீர்கள்' என்று ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான்.

"எனக்காகவா போட்டு வெச்சீங்க, ரோஸி?" என்றாள் சாஸ்கியா. கண் கலங்கியிருந்தது.

"ஆமா" என்றேன்.

அவள் ஹோபார்ட் போகிறாள். அவள் பேச்சில் முதலில் காட்டப்போவது என் தட்டின் படம், அடியில் என் பெயரோடு. மத்தியானம் மறுபடி லாமிங்டன் வந்தது. பெரியதை எனக்குத்தான் கொடுத்தாள். தின்றேன்.