வாத்தியார் ஆயாவுக்கு வைத்த டெஸ்ட்

“ஆயாவை நான்தான் செலக்ட் பண்ணுவேன்” என்று வாத்தியார் அறிவித்தபோது, அவர் மனைவி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மறுபேச்சே பேசவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வாத்தியார் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். பக்கத்து சீட்டிலுள்ள இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே வாழ்ந்தவர். எதிரில் ஒருவர் தப்பாக எதையாவது செய்தால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. சினிமாவில் கதாநாயகன் வேகமாகத் திரும்பினால்கூட இவர் கால் முன்சீட்டுக்காரரை உதைக்கும். பழகி முடித்தவர்களின் தோளைத் தட்டி அவர் சொல்வது ஒன்றுதான்: “பயம் போச்சு! இனிமே தனியா ஓட்டலாம்.”

இத்தனை தைரியசாலி, பெற்ற மகளை மட்டும் நான்கு மாதமாகத் தூக்கியதில்லை. “கழுத்து நிக்கட்டும்” என்றார். நின்றது. “முதுகு நிக்கட்டும்” என்றார். மகள் லைசென்ஸ் எடுக்கும் வயதுவரை தள்ளிப்போடுவார் போலிருந்தது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

“எனக்கு பயமா இருக்குங்க. ஆயா வராத நாள்ல பாப்பாவை யார் பாத்துப்பா?”

“வராத ஆளை நான் எடுப்பேனா? என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?”

“முடியவே முடியாது” என்றாள் மனைவி, தினமும் நாலு பேர் கண்ணைச் சோதித்துப் பழகியவள்.

சனிக்கிழமை காலை ஆயா வந்தார். வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை வளர்த்த அனுபவம் உண்டா?”

“நிறைய வீட்ல பாத்திருக்கேன் சார்.”

“வாயால ஓட்டுறதெல்லாம் எங்கிட்ட வேணாம். வண்டியை எடுங்க.”

ஆயா வாசலை எட்டிப் பார்த்தார்.

“பாப்பாவைத்தான் சொல்றாரு” என்றாள் மனைவி.

ஆயா பாப்பாவைப் படுக்கவைத்து, டயப்பரை முன்பின்னாகக் கட்டத் தொடங்கினார். வாத்தியாரின் வலது கால் தரையை அழுத்தியது. ஆயா நிற்கவில்லை.

“ஐயோ, நகருங்கம்மா!”

வாத்தியாரே கட்டி முடித்தார். நான்கு மாதமாக மனைவியின் பக்கத்தில் நின்று குறை சொன்னதில் பாடம் முழுக்க மனப்பாடம்.

அடுத்தது பால்.

“பாட்டிலைப் படுக்க வச்சா வயித்துக்குக் காத்துதான் போகும்! குடுங்க இப்படி!”

ஆயா கொடுத்தார். பாட்டிலோடு பாப்பாவையும்.

“ஏப்பம் எப்படி சார் வரவைக்கறது?”

“தோள்ல போட்டு, கிளச்சை விடற மாதிரி, மெதுவா...”

ஏப்பம் வந்தது. கூடவே சட்டைக்குக் கொஞ்சம் பாலும் வந்தது.

“தூங்கவைக்க என்ன சார் பண்ணணும்?”

“முதல் கியரைத் தாண்டவே கூடாது. கவனிங்க.”

சாப்பாட்டு மேஜையையும் சோபாவையும் சுற்றி வாத்தியார் எட்டு போட்டார். மூன்றாவது எட்டில் பாப்பா கண்ணை மூடியது. தொட்டிலுக்குள் ஒரு கீறல் விழாமல் பார்க் செய்துவிட்டு, மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“ஃபெயில். இந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலை.”

“பக்கத்துத் தெருவுல ரெட்டைப் பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினவங்க இவங்கதான். போன வாரமே பேசி முடிச்சாச்சு. இன்னிக்கு நான்தான் எல்லாத்தையும் தப்பாப் பண்ணச் சொன்னேன்.”

“எதுக்கு?”

ஆயா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு சார். அன்னிக்குப் பாத்துக்க ஆள் இல்லாத வீட்ல நான் சேர்றதில்லை. இந்தத் தங்கச்சிதான் வீட்லயே ஒரு ஆள் இருக்கார்னு சொல்லிச்சு. நேர்ல பாத்துட்டு சொல்றேன்னேன்.”

செவ்வாய்க்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்கும் விடுமுறை. கண்ணாடிக் கடைக்குக் கிடையாது.

“அது வந்து... பாப்பாவுக்கு முதுகு இன்னும்...” என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

மனைவி, பால் படாத தோளாகப் பார்த்துத் தட்டினாள்.

“பயம் போச்சு! இனிமே தனியா ஓட்டலாம்.”