ஐந்துக்கு நான்கு

வெஸ்ட்ரம்,
ஆகஸ்ட், வியாழக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய ஹெரால்டு வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் ஹால்வர் மாமாவுக்கும்,

செவ்வாய்க்கிழமை நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நம் ஊர் பேஸ்பால் அணியில் மூன்றாம் பேஸில் நிற்கும் என் அண்ணன் ரோல்ஃப் இந்தக் கோடையில் செய்த பிழைகள் இரண்டு அல்ல, பதிமூன்று. நீங்கள் "எத்தனைம்மா?" என்றீர்கள். நான் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டி "ரெண்டு, மாமா" என்றேன். புத்தகத்தில் இரண்டு என்றுதான் இருக்கிறது. எழுதியவள் நான்.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். கெர்டா அத்தையின் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தை கொடுத்தனுப்பிய ஆறு சுக்கினிக் காய்களில் நான்கை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நூலக வாசலில் வைத்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஏழாக இருந்தன. இந்தக் கடிதத்தை ஆசிரியர் பிரித்தால் அச்சிடலாம். மாமா பிரித்தால் தயவுசெய்து முதலில் உட்கார்ந்துகொள்ளவும்.

நேற்றைய இதழின் மூன்றாம் பக்கம் முழுவதும் உங்கள் ஒப்பீடு. நம் ஊரும் ஆல்டர் கிரீக்கும் கோப்பைக்காக மோதும் மூன்று ஆட்டத் தொடர் வந்துவிட்டால் ஒன்பது இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே நிற்பவன் மேலா அங்கே நிற்பவன் மேலா என்று நீங்கள் தீர்ப்பு எழுதுவீர்கள். அதை வெட்டி எடுத்துக் காபிக் கடைக் கதவில் ஒட்டுவார்கள். நீங்கள் ஆசிரியரான இருபத்திரண்டு வருடத்தில் இதற்கு முன் ஆறு முறை எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் பழைய இதழ்களைக் கட்டிவைப்பது என் வேலை என்பதால் ஆறையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு முறையும் ஐந்துக்கு நான்கு என்று நாம்தான் மேல். ஆறு முறையும் தோற்றிருக்கிறோம். ஆறுக்கு மூன்று என்று எழுதினால் திமிர் என்பார்கள், நான்குக்கு ஐந்து என்று எழுதினால் காபிக் கடையில் உங்களுக்கு நாற்காலி இருக்காது, அதனால் ஐந்துக்கு நான்கு. ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், கணக்கு மாறாது. அந்த ஐந்து பேர் யார், ஊர் மானத்துக்காகப் பலியாகப்போகும் நான்கு பேர் யார் என்பது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் புதிது.

இந்த வருடப் பலியைப் பார்ப்போம். பிட்சரை அவர்களுக்குக் கொடுத்தீர்கள். நியாயம், அவன் பந்து வீசும்போது நம் ஆட்கள் மட்டையைத் தூக்குவதே மரியாதைக்காகத்தான். கேட்சர் நமக்கு, அவரை "அசையாத இரும்புத் தூண்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, இந்தக் கோடையில் இருபத்து நான்கு பேர் அவர் கண்ணெதிரே அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடப் பார்த்தார்கள், இருபத்திரண்டு பேர் திருடிவிட்டார்கள், தூண் அசையவில்லை. முதல் பேஸை அவர்களுக்குக் கொடுத்தீர்கள், ஏனென்றால் நம் முதல் பேஸ் பாஸ்டர் ஆர்னே, அவர் மன்னித்துவிடுவார் என்ற தைரியம். மன்னித்தார். நேற்று மாலை தேவாலயக் கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டே, எழுபது பேர் காதில் விழும்படி, உங்கள் பெயரைச் சொல்லி மன்னித்தார். இரண்டாம் பேஸும் அவர்களுக்கு. நம் இரண்டாம் பேஸ் கால்நடை மருத்துவர், அவருடைய மனைவி அத்தையின் கேக் தட்டைக் கழுவாமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள், இந்த ஊரில் அதற்குமேல் ஒரு சண்டை கிடையாது. ஷார்ட் ஸ்டாப் நமக்கு, இடது களம் அவர்களுக்கு, நடுக்களம் நமக்கு. வலது களமும் நமக்கு என்கிறீர்கள். எந்த ஊரானாலும் இருப்பதிலேயே மோசமான ஆளைத்தான் வலது களத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதில் யார் மேல் என்று ஆராய்வதே இரண்டு பேருக்கும் அவமானம்.

இப்படிச் செவ்வாய் மதியம் நான்குக்கு நான்கு என்று நின்றது. நாலு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும், ஐந்தாவது ஆள் வேண்டும், மிச்சம் இருப்பது மூன்றாம் பேஸ். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் "ரெண்டு" என்றதும் மறுமுனையில் நீங்கள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

ஆசிரியருக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பந்து ஒருவனைத் தாண்டிப் போனால், அது அடித்தவன் திறமையா விட்டவன் குற்றமா என்று தீர்மானிப்பது அடித்தவனும் அல்ல, விட்டவனும் அல்ல. தொத்திறைச்சி சுடும் கடைக்கு மேலே, பலகைக் கூண்டில், கொசுவத்தியோடு உட்கார்ந்திருக்கும் நான். திறமை என்றால் ஹிட், ஸ்கோர் பலகையில் பச்சை விளக்கு. குற்றம் என்றால் பிழை, சிவப்பு விளக்கு. ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன், யாரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. மார்ச் மாதம் பட்டறையில் கலப்பைக் கொழு தீட்டும்போது ரோல்ஃபின் இடது கண்ணில் இரும்புத் தூள் தெறித்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதே சோல், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான். மே மாதம் முதல் ஆட்டத்தில், சின்னப் பிள்ளைகூடக் குனிந்து எடுத்துவிடக்கூடிய ஒரு பந்து அவன் கால் பக்கமாக உருண்டு போனது. அவன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். முப்பத்தாறு வயது ஆள், பரீட்சை முடிவு பார்ப்பது மாதிரிப் பார்த்தான். நான் பச்சையை அழுத்தினேன். அன்று அது எனக்கு அன்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பத்து முறை அழுத்தினேன். இரண்டு முறை மட்டும் சிவப்பு, ஏனென்றால் அந்த இரண்டு முறையும் பந்தைக் கையில் பிடித்துக் கூட்டத்துக்குள் எறிந்தான், அதையும் பச்சை என்று சொல்ல எனக்கே முகம் இல்லை.

இதில் ஏமாந்தது ஆல்டர் கிரீக் இல்லை மாமா. அவர்கள் மூன்றாம் பேஸ் பக்கம் அடித்தால் போதும் என்று ஜூலையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். ஏமாந்தது நம் மேனேஜர் டெனிஸ் ப்ரூக்னர். திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தொடரில் மாற்று ஆட்டக்காரன் காலெப்பை மூன்றாம் பேஸில் நிறுத்தப்போவதாகவும், ரோல்ஃபிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னார். அன்று இரவு நான் இரண்டு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். நேற்று உங்கள் பக்கம் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து நூலகப் படி ஏறாத மனிதர், அதைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, புத்தகம் எடுக்க வந்தவர்கள் முன்னால் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"உன் அண்ணனை உட்கார வைக்க இருந்தேன், தெரியுமா? ரெண்டே ரெண்டு பிழை. ஜில்லாவுலேயே கம்மி. நல்லவேளை, என் கண்ணை நம்பாம விட்டேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை. "தேதி முத்திரை போடணுமா?" என்று கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

எல்லாரையும்விட அதிகமாக ஏமாந்தவன் ரோல்ஃப். நேற்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் பக்கத்தை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தான். "புத்தகத்துலயும் ரெண்டுதானே சோல் இருக்கு? கண்ணு தானா சரியாயிடுச்சு. டாக்டர்கிட்ட போ போன்னு நச்சரிச்சியே, பாத்தியா" என்றான். எனக்கு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டத் தோன்றியது, நீட்டினேன். அவன் அதை வாங்கும்போது கை பாத்திரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய், பிறகு திரும்பி வந்தது. அம்மா பார்க்கவில்லை. மூன்றாம் பேஸில் நிற்பவனுக்கு நேராகப் பந்து வந்தால் கண் இமைக்க நேரமிருக்காது, சில சமயம் அது முகத்துக்கே வரும். ஆல்டர் கிரீக்கின் நான்காவது ஆட்டக்காரன் அடிக்கும் பந்து எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். சனிக்கிழமை மதியம் அது வரும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மூன்றாம் பேஸ் அவர்களுக்கு, மொத்தம் நான்குக்கு ஐந்து என்று திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இதழ் புதன்கிழமைதான் வரும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே மாமா, நீங்கள் டெனிஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னால் பதினொரு பொய்யும் வெளியே வரும், அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் போகும், ஒன்பது வருடப் புத்தகத்தை அடுப்பில்தான் போட வேண்டும். நீங்கள் சொன்னால் தகவல் பிழை என்பார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. நம் ஊரில் யாருக்கும் எண் தேவையில்லை மாமா, ஐந்து தேவை. நீங்கள் ஒரு ஐந்து வேண்டுமென்று கேட்டீர்கள், நான் ஒன்று வைத்திருந்தேன். இனிமேல் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று இந்தக் கடிதத்தின் மேல் சத்தியம் செய்கிறேன்.

அத்தையின் இடுப்பு நேராகட்டும், உங்கள் ரத்த அழுத்தம் இறங்கட்டும், பனி விழுவதற்குள் உங்கள் தக்காளி பழுக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள (இந்தச் சொல்லை எழுதக் கொஞ்ச நேரம் ஆனது),
மருமகள் சோல்வெய்

பி.கு. திங்கட்கிழமை. மாமா, இதை அச்சிட வேண்டாம். டெனிஸையும் கூப்பிட வேண்டாம். வியாழக்கிழமை தபால் பெட்டி வரைக்கும் போனேன், அங்கே ரோல்ஃப் எரு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான், கையசைத்தான், திரும்பி வந்துவிட்டேன். கடிதம் சனிக்கிழமை முழுவதும் ஸ்கோர் புத்தகத்துக்குள் இருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், மூன்றுக்கு இரண்டு என்று நாம் முன்னால் இருந்தோம், அவர்களுடைய ஆட்கள் இருவர் பேஸில் நின்றார்கள், அந்த நான்காவது ஆட்டக்காரன் அடித்தான். பந்து நேராகத்தான் போனது. ரோல்ஃபுக்கு ஒரு கை தூரத்தில், புல் முடிந்து மண் ஆரம்பிக்கும் விளிம்பில் பட்டு, ஏதோ கல்லாக இருக்க வேண்டும், தவளை மாதிரி எகிறி அவன் தோளில் அடித்து எங்கேயோ போனது. இரண்டு ரன். இரண்டு கண்ணும் உள்ளவனுக்கும் எட்டாத பந்து. என் பக்கத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த ஆல்டர் கிரீக்கின் ஸ்கோர்காரி லோயிஸ் அம்மாள், என்னைக் கேட்காமலேயே தன் புத்தகத்தில் ஹிட் என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினார்.

ரோல்ஃப் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பலகையைப் பார்த்தான்.

நான் சிவப்பை அழுத்தினேன்.

"என்னம்மா இது," என்றார் லோயிஸ். "அது ஹிட்டும்மா. எதிர் ஊர்க்காரி நானே சொல்றேன். அவன் உன் கூடப் பொறந்தவன் இல்லையா?"

"ஆமாம்" என்றேன்.

அவன் விளக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் டெனிஸிடம் போய் ஏதோ சொன்னான். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸில் காலெப் நின்றான். நான்குக்கு மூன்று என்று தோற்றோம். வண்டியில் வரும்போது, "நான் அதைப் பார்க்கவே இல்ல சோல்" என்றான். அதை யாராலும் பார்த்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் தானிய ஆலை தாண்டியதும், "அந்த டாக்டர் நம்பர் வச்சிருக்கியா?" என்று கேட்டான். வைத்திருந்தேன்.

இன்று காலை அழைத்துப் போனேன். இடது கண்ணில் முக்கால் பார்வை போய்விட்டது, மார்ச்சிலேயே வந்திருக்கலாமே என்றார் மருத்துவர். மிச்சமிருக்கும் கால் பங்கைக் காப்பாற்ற முடியும் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம் முழுவதும் காலெப்தான் மூன்றாம் பேஸில் நின்றான். அந்தப் பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.