ஸ்ரெச்சர் ரீச்சர்

"பாரம் தூக்கக் கூடாதுன்னுதானேம்மா உன்னையப் படிக்க வச்சோம். இப்ப காசு குடுத்துப் பாரம் தூக்கப் போறியா?"

ஜிம்மில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அப்பா அரிசி ஆலையில் நாட்டாமையாக இருந்தவர். (கடலுக்கு அந்தப் பக்கம் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்லும் ஊர்ப் பெரியவராம். எங்கள் பக்கத்து நாட்டாமை நெல் மூட்டை தூக்குகிறவர். தீர்ப்பை முதலாளி சொல்லுவார்.) மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். விஞ்ஞான ரீச்சரான முதல் ஆளும் நான். ஸ்ரெச்சரில் போன முதல் ஆளும் நான்தான். அதை நீங்கள் எப்படியும் யாரிடமாவது கேள்விப்படத்தான் போகிறீர்கள் என்பதால் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன்.

ஜிம் ஆசை வந்ததற்குக் காரணம் என் ஸ்கூட்டி. ஒருநாள் பாடசாலை வாசலில் அது சரிந்து விழுந்தது. நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வீதியால் போன ஒரு அண்ணன் வந்து ஒற்றைக் கையால் நிமிர்த்திவிட்டு, "பிள்ளை, இதெல்லாம் உங்களால ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் எதிலாவது சேர்ந்துவிடுவேன். பட்டப்படிப்பும் அப்படிச் சேர்ந்ததுதான்.

முள்ளியவளையில் கஜன் என்ற தம்பி ஒரு ஜிம் நடத்திக்கொண்டிருந்தார். தகரக் கூரை, சுவரில் பெரிய கண்ணாடி, வாசல் நிறைய ஆண்களின் செருப்பு. பெண்களுக்கு நேரம் இல்லையா என்று கேட்டேன்.

"வைக்க எனக்கும் விருப்பந்தான் அக்கா. ஆக்கள் வரோணுமே. ஒரு குழுவாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, காலமைல ஒரு மணித்தியாலம் உங்களுக்கெண்டே விடுறன்."

நான் நேராக எங்கள் ஆசிரியர் அறைக்குப் போய்ப் பிரசாரம் தொடங்கினேன். எல்லாருக்கும் நாரி நோ (இடுப்புக்குப் பின்னால் வரும் வலிக்கு இங்கே இதுதான் பெயர்), எல்லாருக்கும் முழங்கால் நோ, ஆனால் ஒருவருக்கும் துணிவில்லை. தமிழ் படிப்பிக்கும் வசந்தி ரீச்சர்தான் அங்கே மூத்தவர். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நீர் முதல் போம். உமக்கு ஒண்டும் ஆகாட்டி நாங்களும் வாறம்."

மற்ற எல்லாரும் தலையாட்டினார்கள். ஆக, முள்ளியவளைப் பெண்களின் உடற்பயிற்சி நேரம் முழுவதும் என் இரண்டு கால்களின் மேல் ஏற்றி வைக்கப்பட்டது. ஏற்றிய பாரங்களில் அதுதான் கூடினது என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் காலை நீளக்கை ரீசேட்டும் தொளதொள காற்சட்டையுமாகப் போய் நின்றேன். கஜன் மிகவும் மரியாதையான பிள்ளை. அந்த மரியாதை என்னை எந்தப் பாடு படுத்தப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பாரத்தைத் தோளில் வைத்து இருந்து (எங்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது) எழும்பும் பயிற்சியை எனக்குச் சொல்லித்தரும்போது, அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலை அக்கா... கொஞ்சம்... அகட்... நீங்களே ஒரு அளவா வையுங்கோ."

"இவ்வளவு காணுமா?"

"ஓம் ஓம், காணும்," என்றார் நாட்காட்டியிடம். (இங்கே காணும் என்றால் போதும். கண்டு சொன்னதல்ல.)

"இடுப்பு?"

"அது அக்கா... அது தன்ர பாட்டில வரும்."

அது தன் பாட்டில் வரவில்லை. முதுகு கூனியது, முழங்கால் உள்ளே மடங்கியது, குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது. ஒன்றையும் அவர் காணவில்லை. கண்ணாடியில் நான் கண்டேன், ஆனால் பிழை என்று தெரிந்தால்தானே. ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இதற்கு முன் அவர் எனக்குத் தந்தது பிங்க் நிறத்தில் இரண்டு சின்ன டம்பெல். குழந்தைப்பிள்ளைக் கிலுகிலுப்பையை விடக் கொஞ்சம் பெரிது. நான் நாட்டாமையின் மகள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரும்புப் பார் கேட்டேன். வெறும் பார் காணும் என்றார். அதன் இரண்டு முனையிலும் பாரத் தட்டுப் போடச் சொன்னேன். "காணும் அக்கா" என்றார். "நான் சொன்னால்தான் காணும்" என்றேன். (வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லும் அதே குரலில். பாவம், அவர் பயந்துபோய் இன்னொரு தட்டுப் போட்டார்.) மெதுவாக இறக்கினால் நல்லது என்று எங்கோ வாசித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் தேர் இறங்குவது போல மெல்ல மெல்ல இறங்கினேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், கஜன் நாட்காட்டியைப் பார்த்து எண்ணியபடியால் அவருக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் ஒரு நோவும் இல்லை. இதுதான் இந்த விஷயத்தில் உள்ள பெரிய நயவஞ்சகம். வலிக்க வேண்டியது அன்றே வலித்தால் மனிசர் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். நான் ஆசிரியர் அறையில் நின்று, "ஒண்டுமே இல்லை, சும்மா பயப்படுறியள்" என்று பிரசங்கம் செய்தேன். அடுத்த நாள் காலை தொடை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இளக்கினால் சரியாகிவிடும் என்று திரும்பவும் போய் அதே பாரத்தை அதே கூனலோடு தூக்கினேன். வசந்தி ரீச்சர் மனம் மாறி, "அப்ப திங்கள்ல இருந்து நாங்களும் வாறம்" என்றார். நான் வென்றுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் பாடசாலையின் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி.

காலை கண் விழித்தேன். கட்டிலிலிருந்து எழும்ப நினைத்தேன். நினைத்தது நான் மட்டும்தான், கால்கள் அந்தத் தீர்மானத்தில் சேரவில்லை. உருண்டு விழுந்து, அலுமாரியைப் பிடித்து நிமிர்ந்தேன். எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தியிருக்கும் வகை. இதற்கு மேல் எழுதமாட்டேன், நான் ரீச்சர்.

இந்த நோவைப் பற்றி நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். தசையில் லக்ரிக் அமிலம் தேங்குவதால் நோ என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அது பிழை. அந்த அமிலம் பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்திலேயே போய்விடுமாம். பழக்கமில்லாத பாரத்தோடு கீழே இறங்கும்போது தசை நார்களில் சின்னச் சின்னச் சேதம் வருகிறது, அதன் நோ ஒரு நாள் கழித்து வந்து, அடுத்த நாள் உச்சத்துக்குப் போகிறது. மெதுவாக இறங்க இறங்க இன்னும் கூடும். அதாவது தூக்கியதற்குத் தண்டனை இல்லை, பக்குவமாக இறக்கியதற்குத்தான் தண்டனை. இது என்ன நீதி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சேலையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நான் நொண்டினால் திங்கட்கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே ஒரு திட்டம் போட்டேன்: நாள் முழுக்க இருப்பதே இல்லை. இருந்தால்தானே எழும்ப வேண்டும். திட்டம் அதிசயமாக வேலை செய்தது. கொதிக்கிற வெயிலில் நான் கம்பம் போல் நின்றேன். வசந்தி ரீச்சர் கதிரையில் இருந்துகொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்னைக் காட்டினார்.

"பாருங்கோ, காலமை துவக்கம் அவா இருக்கேல்லை. ரெண்டு நாள்தான் போனவா. அதுக்குள்ள என்ன தெம்பு."

நான் தெம்பாகச் சிரித்தேன். சிரிப்பதற்குத் தொடை தேவையில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் விளையாட்டு ஆசிரியர் சிவா சேரின் குரல் வந்தது. (இங்கே சேர் என்றால் சார். உட்காருகிற சேரைக் கதிரை என்போம்.) "அடுத்த நிகழ்ச்சி, ஆசிரியைகளுக்கான சங்கீதக் கதிரை." பாட்டு நிற்கும்போது கதிரையைப் பிடித்து இருக்க வேண்டும், இடம் கிடைக்காதவர் வெளியே. உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்கிறது. சாக்கு ஓட்டம் இருக்கிறது, கயிறு இழுத்தல் இருக்கிறது. அன்று எனக்கு வாய்த்தது இருந்து இருந்து எழும்பும் விளையாட்டு. மறுத்துத் தலையாட்டினேன். சேர் விடவில்லை. "எங்கட ஜிம் ரீச்சர் வெக்கப்படுறா. எல்லாரும் கை தட்டுங்கோ."

போனேன். பாட்டுப் போனது, முழங்கால் மடங்காமல் சுற்றினேன். பாட்டு நின்றது. மற்றவர்கள் கதிரையைப் பார்த்து, சேலையை ஒதுக்கி, பதமாக இருந்தார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. முழங்கால் கொஞ்சம் வளைந்ததும் தொடை கைவிட்டது, நான் புவியீர்ப்பின் வேகத்தில் கதிரையில் விழுந்தேன். புவியீர்ப்பை வெல்ல ஒருவராலும் முடியவில்லை. ஒவ்வொரு சுற்றும் ஒருவர் வெளியேறினார். ஒவ்வொரு சுற்றும் நான் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துப் பல்லைக் கடித்து எழும்பினேன். கடைசியில் நானும் வசந்தி ரீச்சரும் ஒரு கதிரையும். பாட்டு நின்றது, விழுந்தேன், வென்றேன்.

பரிசு வாங்க எழும்ப வேண்டும். எழும்பினேன். அதாவது முயன்றேன். கதிரைக்குக் கைப்பிடி இல்லை. இரண்டாம் முறை முயன்றபோது கால் நடுங்கியது, அதோடு சேலையின் கொய்யக மடிப்பும் நடுங்கியது. சிவா சேர் மைக்கோடு குனிந்தார்.

"என்ன ரீச்சர், எழும்புங்கோவன்."

"ஏலாது சேர்," என்றேன் மெதுவாக. மைக் அதை மெதுவாக வைத்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் 'ஏலாது' என்றால் முடியாது. 'அவாவுக்கு ஏலாது' என்றால் அவாவுக்குச் சுகமில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன உருபு. சேர் அதைச் சேர்த்துவிட்டார்.

"ரீச்சருக்கு ஏலாதாம். முதலுதவிப் பிள்ளையள் உடனடியா மைதானத்துக்கு வரவும்."

முதலுதவி அணி விடியவே வெள்ளைத் தொப்பியோடு வந்து காத்திருந்தது. அன்று ஒரு பிள்ளைகூட விழவில்லை, ஒரு முழங்கால்கூட உரசவில்லை. அவர்களுடைய வாழ்க்கையில் ஒருவழியாக ஒரு நோயாளி வந்தே விட்டார். ஸ்ரெச்சரோடு பறந்து வந்தார்கள்.

"பிள்ளையள், எனக்கு ஒண்டுமில்லை. வெறும் தசை நோ."

"ரீச்சர் கதைக்காதேங்கோ," என்றாள் அணித் தலைவி. என்னிடம் விஞ்ஞானம் படிப்பவள். "நோயாளியள் அப்பிடித்தான் சொல்லுவினமாம். கேக்கக் கூடாதாம்."

என்னைக் கிடத்தி, பட்டி கட்டினார்கள். தலைமை விருந்தினராக வந்திருந்த பெண்மணி பரிசோடு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அதைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. ஒரு பிளாஸ்ரிக் வாளி. அதை என் வயிற்றின் மேல் வைத்து, "கெதியாச் சுகம் வரட்டும்" என்றார். முதலுதவிக் கூடாரம் மைதானத்தின் மறுபக்கம். ஆகவே நான் வாளியோடு அரைவட்டம் சுற்றிக் கொண்டுபோகப்பட்டேன். சில பெற்றோர் எழுந்து நின்றார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன் செய்தி போய்விட்டது. ஜிம்முக்குப் போய் நாரி முறிந்துவிட்டதாம். அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணூறு நாவூறு கழிக்க வாசலில் நின்றார். அப்பா நோவெண்ணெயை எடுத்துத் தந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா, பஸ் தரிப்பிடம், எங்கே ஆள் கிடைத்தாலும் சொல்கிறார்: "நான் மூட்டையத் தூக்கினேன். எம் மகளை ஊரே தூக்குச்சு." பாடசாலையில் என் பெயர் ஸ்ரெச்சர் ரீச்சர். புதிதாக வந்த ஒரு மாணவன் அதுதான் என் உண்மைப் பெயர் என்று கொப்பியில் எழுதியிருந்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை. வசந்தி ரீச்சர், "பிறகு பாப்பம்" என்றார். கஜன் தொலைபேசியில், "ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது அக்கா, பொம்பிளையளின்ர நேரத்தைக் கைவிடுவம்" என்றார். ஆண்கள் எத்தனை பேர் அங்கே தோள்மூட்டைப் பிரட்டியிருப்பார்கள், ஒருவரையாவது காரணம் காட்டி ஆண்களின் நேரத்தை நிறுத்தினார்களா? நோ தன் பாட்டில் சில நாளில் போய்விட்டது. கோபம் போகவில்லை. கோபத்தோடு ஜிம்முக்குப் போனேன்.

"தம்பி, நான் கூனிக் கூனித் தூக்கினதை நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அப்போதும் அவர் நாட்காட்டியைத்தான் பார்த்தார். "எப்பிடி அக்கா பாக்கிறது? நீங்கள் என்ர தங்கச்சிக்குப் படிப்பிக்கிற ரீச்சர். நான் உங்களை அப்பிடி உத்துப் பாத்தா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பாக்காமலும் சொல்லித்தர ஏலாது."

எனக்கு நன்றாகத் திட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாத ஒருவரைத் திட்ட முடியாததுதான் எனக்கு இன்னும் கோபம்.

"அப்ப பாக்கக்கூடிய ஒரு பொம்பிளையை வையுங்கோ."

"இஞ்ச ஆர் அக்கா இருக்கினம்?"

இப்போது சனிக்கிழமைகளில் விடியக்காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் பயிற்றுநர் வகுப்புக்குப் போய் வருகிறேன். ஒரு நாள் தூக்கினால் அந்தத் தசைக்கு அடுத்த நாள் ஓய்வு, முதல் வாரம் வெறும் பார், நோ வந்தால் கிடக்காமல் மெல்ல நடக்க வேண்டும், நல்லாகச் சாப்பிட்டு நித்திரை கொள்ள வேண்டும். இவ்வளவையும் அங்கே முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

போன செவ்வாய் காலை கஜன் ஜிம்மைத் திறந்துவிட்டு, திறப்பை (சாவியைத்தான்) என் கையில் தந்து, வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். உள்ளே நானும் வசந்தி ரீச்சரும் மட்டும். அவர் சேலையை மாற்றி, மகனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, இரும்புகளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எதைத் தூக்கிறது?"

"இண்டைக்கு ஒண்டையும் தூக்கிறேல்லை. காலை அகட்டி வையுங்கோ," என்றேன். "இன்னும் கொஞ்சம். ஓம். இப்ப மெல்ல இருங்கோ... முழங்கால் உள்ளுக்கு வருது, வெளியால தள்ளுங்கோ."