இடது கஃப் மட்டும்

"முழுச் சட்டையும் உன் கையாலேயே தைக்கணும். ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு என் பையன் அதைத்தான் போடுவான்," என்று வெள்ளைத் துணியைச் சோக்கீமின் மடியில் வைத்தாள் வருங்கால மாமியார் மாலிஸ். "நானும் கார்மெண்ட்ஸ்லதான் இருக்கேன். தனியா உக்காந்தா ஒரு நாளைக்கு மூணு சட்டை முடிப்பேன். உனக்கு ஒண்ணு பெரிசா?"

"ஆகட்டும் அத்தை," என்று வாய் சொல்லிவிட்டது. புனோம் பென் கார்மெண்ட்ஸ் ஆலையில் அவளுக்கு ஒன்பது வருட சர்வீஸ். ஒன்பது வருடமும் தைத்தது சட்டைக்கையின் மணிக்கட்டுப் பட்டி, அதிலும் இடது கஃப் மட்டும். வலது கஃப்கூடத் தோழி சந்தாவின் வேலை. இது தெரிந்தால் மாப்பிள்ளை விசால் கிடைக்கமாட்டான். விசால் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.

அன்றே வீட்டில் தைத்துப் பார்த்தாள். கை நுழைய வேண்டிய இடத்தில் தலை நுழைந்தது. துணி பாழ்.

அதே மாதிரித் துணி வாங்கிக்கொண்டு மறுநாள் சந்தாவிடம் ஓடினாள். "காப்பாத்துடி."

"இன்னிக்கு லைன்ல ஓடுறதும் வெள்ளைச் சட்டைதான். கட்டிங்ல குடுத்து உள்ள விட்டுடு. நம்மாளுங்க தூக்கத்துலகூடத் தைப்பாங்க."

அப்படியே நடந்தது. பாக்கெட், கை, காலர், காஜா என்று சூப்பர்வைசர் கண்ணில் படாமல் துணி நகர்ந்தது. சோக்கீமும் தன் முறைக்கு இடது கஃப்பை வைத்து அனுப்பினாள். வேலை முடிந்ததும் பேக்கிங் மேஜைக்குப் பறந்தாள்.

"ரொத்தா, என் சட்டை எங்கே?"

"வந்ததையெல்லாம் மடிச்சேன், பெட்டியில போட்டேன். ஜெர்மனி ஆர்டர் ஏத்தின லாரி கிளம்பிடுச்சு."

"காலையிலேயே சொன்னேனே, பாவி."

"காதுல விழுந்துச்சு. கைக்குத்தான் விழல."

சோக்கீமுக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை சந்தைக்குப் போய், எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது விற்கும் கடையில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, லேபிளைப் பிரித்துப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உறவெல்லாம் கூடியிருக்க, மாலிஸ் அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலருக்கு வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

"காலரும் நீயேதான் தைச்சியா?"

"ஆமா அத்தை."

சோக்கீம் விசாலைப் பார்த்தாள். இனி பார்க்கக் கிடைக்காது என்று தோன்றியது.

அதுவரை மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாலிஸ் முழிக்கிறே? நுனியில மூணு தையல் கூடுதலா இருக்கே, நீ கம்பெனியில தைக்கிற காலரேதான். இருபது வருஷமா அதைத் தவிர உனக்கு வேற எதுவும் தைக்கத் தெரியாதே."