மூன்று கடலில் ஒரே பெருவிரல்

அன்புள்ள மருமகன் கிருபாகரனுக்கு,

தூத்துக்குடி சங்குக் கிட்டங்கியிலிருந்து மாமா வீரபாகு எழுதுவது. இங்கே உடம்பும் சரக்கும் பழுதில்லை. சென்னையில் நீயும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். என் வலது கால் பெருவிரல் மூன்று ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. மகள் சரண்யா தன் முனைவர் பட்டத்துக்காக நம் கிட்டங்கித் தரையில் சங்குகளைப் பரப்பிப் படம் எடுத்தபோது, சங்கு மூட்டை விழுந்து நகம் பிளந்த என் விரலும் ஓரத்தில் விழுந்துவிட்டது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரிடம் யோசனை கேட்டு அவள் அந்தப் படங்களை அனுப்ப, அவர் தன் பெயரைப் போட்டு மூன்று கட்டுரையாக்கி முந்திக்கொண்டார். முதல் பத்திரிகையில் அது மண்டபத்துச் சங்கு, அடுத்ததில் அந்தமான் சங்கு, மூன்றாவதில் இலங்கைச் சங்கு. நான் கப்பலேறியதே கிடையாது மாப்ளே, மூன்று கடலிலும் என் விரல் நிற்கிறது! யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று தெரியும்வரை வாய்மொழித் தேர்வு கிடையாது என்று பல்கலைக்கழகம் சரண்யாவை நிறுத்திவைத்துவிட்டது. அவள் அழவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ சும்மா இரும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, கணக்கப்பிள்ளை பாண்டியராஜை வைத்து மூன்று பத்திரிகை ஆசிரியர்களுக்கும் இங்கிலீஷில் மின்னஞ்சல் போட்டேன். மூன்று பேரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதில்: 'எங்களுக்கு வந்தது ஒரு கட்டுரை, ஒரு படம், அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை.' நம் வியாபாரத்தில் ஒருத்தன் பூச்சி அரித்த ஓட்டையை மெழுகால் அடைத்துச் சங்கு விற்றான். முத்துக்கனி கடையில் எல்லாரும் சேர்ந்து ஒரு டீ குடித்தோம். அப்புறம் ஊரில் ஒருத்தரும் அவன் சாக்கை அவிழ்க்கவில்லை. இவ்வளவு படித்தவர்களுக்குச் சேர்ந்து ஒரு டீ குடிக்கத் தெரியாதா? நீயும் பத்திரிகை ஆபீசில் இருப்பவன். அந்த மூன்று பேரையும் பிடித்து, மாமா கேட்டதாக நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேள்.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்குச் செந்தூர் முருகன் ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இப்படிக்கு,
வீரபாகு

பி.கு.: யாரையும் ஒன்றும் கேட்டுவிடாதே. கவரில் போடுமுன் சரண்யா இதை வாங்கிப் படித்தாள்.

"எப்பா, மூணு பேருக்கும் மூணு படத்தையும் காட்டித்தான எழுதுனிய?"

"என்ன பேச்சு பேசுதே! ஒருத்தனுக்குத் துண்டுக்கடியில விரலைப் பிடிச்சுச் சொன்ன விலைய இன்னொருத்தன்ட்ட சொல்வாங்களா? அவனவனுக்கு அவனவன் படம். 'உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள்'னு கீழே எழுதவும் சொன்னேன்."

"வாயக் கட்டிவிட்டுட்டு, பேச மாட்டேங்காங்கன்னா எப்படிப்பா?" என்று சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

மூன்று படங்களையும் சேர்த்து, 'நீங்கள் தாராளமாகக் கலந்து பேசலாம்' என்று மூவருக்கும் ஒரே கடிதமாக அவளே போட்டாள். இந்தக் கடிதம் மேசையிலேயே கிடக்க, இன்று பதில் வந்துவிட்டது. பேசி முடித்தது இது: முதலில் அச்சிட்ட பத்திரிகை விசாரிக்கும், மற்ற இரண்டும் தங்களிடம் உள்ளதைக் கொடுக்கும், முடிவை மூவரும் சேர்ந்தே சொல்வார்கள். அதுவரை மூன்று கட்டுரைகளுக்கும் மேலே எச்சரிக்கைக் குறிப்பு. தேர்வை நிறுத்த வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்கு மூவர் கையெழுத்தோடு கடிதம். நம் பக்கம் கொடுக்க வேண்டியது: சரண்யா எடுத்த மூலப் படங்கள், அதோடு என் பெருவிரலின் புதுப் படம் ஒன்று, நகம் தெளிவாகத் தெரியும்படி.